தேனில் உரைத்த மாத்திரை

ஓய்வு பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிடுவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. வர வேண்டிய பெரிய ஆள் வரவில்லை, அல்லது மத்தியானச் சாப்பாடு இன்னும் தயாராகவில்லை. போன மாதம், மைசூரில் நான் வேலை பார்த்த குழந்தைகள் மனநலக் கிளினிக்கில் என்னைப் பேசக் கூப்பிட்டபோது இரண்டுமே நடந்திருந்தன.

"மேடம், 'டோபமினும் குழந்தைகளும்'னு ஒரு செஷன். நீங்க உங்க அனுபவத்தைச் சொன்னா போதும். ஸ்லைடெல்லாம் நாங்களே போட்டுக்கறோம்" என்றாள் புதிதாகச் சேர்ந்திருக்கும் உளவியல் நிபுணர்ப் பெண். என் அனுபவத்துக்கு அவள் எப்படி ஸ்லைடு போடுவாள் என்று நான் கேட்கவில்லை. போட்டுவிட்டாள். இளஞ்சிவப்பில் ஒரு மூளை, அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

என் காலத்தில் டோபமின் என்ற சொல் எங்கள் கட்டடத்தின் வாசலைத் தாண்டிப் போனதில்லை. இப்போது ஊரெல்லாம் திரிகிறது. ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறக் காத்திருக்கிற பிள்ளைகள் "இன்னிக்கு டோபமின் லோ" என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் அதைத் திங்கட்கிழமை என்று சொல்வோம். என் தம்பி மகன் மூன்றாவது தட்டு பஜ்ஜிக்குக் கை நீட்டும்போதும் டோபமினைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். போனை விட்டு ஐந்து நிமிடம் கண்ணை எடுக்க முடியாதவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று தாங்களே சான்றிதழ் எழுதிக்கொள்கிறார்கள். நிஜமாகவே அது இருக்கிற குழந்தையையும் அதன் வீட்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இவ்வளவு ஆசையாக அந்தப் பெயரைக் கேட்டு வாங்க மாட்டார்கள்.

எனக்குக் கொடுத்த அரை மணியில் பாதி போவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. பிஸிபேளேபாத்தின் வாசனைக்கு முன்னால் யாருடைய அனுபவமும் எடுபடாது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைசூரில் உளவியல் எம்.ஏ., பெங்களூரில் பயிற்சி. பிளாஸ்டிக் மூளையைக் கழற்றி மாட்டக் கற்றேன். எந்த ரசாயனம் எந்தப் பகுதியில் சுரக்கிறது என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். உயிருள்ள ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பையன் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே காட்டினான்.

எங்கள் தலைமை டாக்டர் பெயர் நஞ்சப்பா. கன்னடக்காரர். அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. குழந்தைகள் திருடிக்கொண்டு போவதற்காகவே ஒன்றைக் கூடுதலாக வைத்திருந்தார் என்று நான் நம்புகிறேன். குரலை உயர்த்தியதே இல்லை. நான் எதையாவது தப்பாகச் சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிவதற்குள் என் தப்பு எனக்கே தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் மறுபடியும் துடைப்பார். அந்தக் கண்ணாடி தேய்ந்ததில் என் பங்கு நிறைய.

அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை "சொன்னாங்க". "பையன் ஒரு இடத்துல நிக்கவே மாட்டான்னு அம்மா சொன்னாங்க சார்" என்று ஆரம்பித்தால் போதும், கன்னடத்தில் நிதானமாகக் கேட்பார்: "நீ பார்த்தியாம்மா?"

பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் நாள் வருகிற குழந்தையை அவர் அறைக்குள் விடுவோம். மேஜை மேல் ஒரு பழைய பூட்டு, அதோடு சேராத சாவிகள், சைக்கிள் மணி, டார்ச் லைட், ரப்பர் ஸ்டாம்பு. அம்மாவும் அப்பாவும் சுவரோரமாக, வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். டாக்டர் முகத்தை மறைத்துக்கொண்டு கன்னடப் பேப்பர் படிப்பார். பேப்பரில் ஊதுபத்தியால் சுட்ட ஒரு ஓட்டை இருக்கும். அது வழியாகத்தான் பார்வை. குழந்தை எதை முதலில் தொடுகிறது, எதைப் பாதியில் விடுகிறது, பூட்டுக்கு எத்தனை சாவி போட்டுப் பார்த்த பிறகு தூக்கி எறிகிறது, எல்லாம் கவனிப்பார். பெற்றவர்களையும் கவனிப்பார். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியும் "தொடாதே" என்று கத்தாமல் இருந்த பெற்றோர்களை நான் பார்த்ததே அபூர்வம்.

பிறகு வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள், டீச்சருக்கு ஒரு கேள்வித்தாள், என்னிடம் கவனச் சோதனை, எழுத்துச் சோதனை, காது, கண், தைராய்டு என்று வாரக்கணக்கில் இழுக்கும். எல்லாம் முடிந்தபின் பெற்றோரை உட்கார வைத்து மூளையில் நடப்பதைச் சொல்வார். ஸ்லைடு கிடையாது. தெருக்குழாய்தான்.

"ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லணும். நடுவுல சின்ன இடைவெளி. அதுல டோபமின், நார்அட்ரினலின்னு ரசாயனம் வந்து விழும், குழாயிலிருந்து குடத்துல தண்ணி விழற மாதிரி. உங்க குழந்தைக்குக் குடம் நிறையறதுக்குள்ள யாரோ தண்ணியைத் திரும்ப இழுத்துக்கறாங்க. மாத்திரை அந்த இழுக்கிற கையைச் சில மணி நேரம் பிடிச்சுக்கும். குழாய் போட்டது நீங்க இல்லை. உங்க மாமியாரும் இல்லை."

கடைசி வாக்கியம் கேட்டு அழுத அம்மாக்கள் உண்டு. அவர்கள் வெளியே போனதும் என் பக்கம் திரும்புவார்: "இதுல பாதிதான் உறுதியாத் தெரியும். மீதி எனக்கும் தெரியாது, புத்தகம் எழுதினவனுக்கும் தெரியாது. நீ பெரிய மனுஷி மாதிரி தலையாட்டாதே."

இந்தப் பேப்பர் ஓட்டையை முதல் நாளே கண்டுபிடித்த குழந்தைகள் சிலர் உண்டு. விரலை விட்டுக் குடைவார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து தன் கண்ணை ஓட்டையில் வைத்து, டாக்டர் கண்ணையே பார்த்தவள் ஒருத்திதான். பவித்ரா. நாலாம் வகுப்பு.

"அங்கிள், நீங்க பேப்பர் படிக்கல" என்றாள் கன்னடத்தில். "போட்டோல இருக்கிறவங்க எல்லாம் தலைகீழா நிக்கிறாங்க."

நஞ்சப்பா பேப்பரை இறக்கிப் பார்த்தார். உண்மைதான், தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் சைக்கிள் மணியைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குப் போயிருந்தாள்.

கவனம் இல்லை, கவனம் இல்லை என்று இந்தக் குழந்தைகளைச் சொல்கிறோமே, அது சுத்தப் பொய். அவர்களுக்கு எல்லாவற்றின் மேலும் கவனம் இருக்கிறது. எதை விடுவது என்பதில்தான் கஷ்டம்.

அவள் அப்பா மாதேசு. கர்நாடகத்தில்தான் என்றாலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளி பக்கத்து ஆள். ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு, பெண்ணை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்று மைசூருக்கு வந்து, ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஓட்டினான். அம்மா ரத்னா, தேவராஜ மார்க்கெட்டில் பூ வியாபாரம். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். காலையில் பெண்ணை எழுப்பி, குளிக்க வைத்து, சடை பின்னி அனுப்புவது எல்லாம் மாதேசுதான். சடையைப் பார்த்தாலே தெரியும். ஒன்று காதுக்கு மேலே இருக்கும், இன்னொன்று தோளுக்குக் கீழே இருக்கும்.

கிளினிக்கில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என் தலையில். முதல் நாளே மாதேசு என்னிடம் கேட்டான்.

"நீங்க எந்தூருங்க மேடம்?"

"கொள்ளேகாலம்."

"அட, நம்ம பக்கமுங்களா! அப்பறம் என்னுங்க மேடம், அக்கான்னே கூப்புடறேன்" என்றான். அன்றிலிருந்து அக்கா. அக்காவிடம் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நானும் அசட்டையாக இருந்தேன். அவன் பொய்யும் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையே.

அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்பதில் நஞ்சப்பாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முதலில் சின்ன மாத்திரை. சில மணி நேரம்தான் வேலை செய்யும். காலையில் ஒன்று, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஒன்று. நன்றாகவே போனது. ஆனால் மத்தியானம் டீச்சர் எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு மாத்திரை கொடுக்க, வகுப்பில் அவளுக்கு "மாத்திரை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வாயில் போட்டு விழுங்கிவிட்டது போல் நடித்து, வராந்தாவில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் துப்ப ஆரம்பித்தாள். அந்தச் செடி மட்டும் அந்த வருஷம் மிகுந்த கவனத்தோடு பூத்தது.

விஷயம் தெரிந்ததும் நஞ்சப்பா நீண்ட நேர மாத்திரைக்கு மாற்றினார். காலையில் ஒன்று விழுங்கினால் போதும். உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடிக்கும் வரைக்கும் தாங்கும். "தண்ணி குடிச்சு அப்படியே விழுங்கணும்" என்று டாக்டர் சொன்னார். நானும் தமிழில் சொன்னேன். மாதேசு இரண்டு முறை தலையாட்டினான்.

அப்புறம்தான் எல்லாம் தலைகீழாயிற்று. ஒரு மாதத்துக்குள் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் மேல் புகார். காலையில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. மத்தியானம் ஜன்னல் கம்பியில் ஏறுகிறாள், டஸ்டரை எறிகிறாள், பக்கத்துப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். கடிபட்ட பெண்ணின் அப்பா வக்கீல். பிரின்ஸிபால் அம்மா மாதேசுவைக் கூப்பிட்டு, பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

மார்டள்ளியிலிருந்து பவித்ராவின் பெரியப்பா போன் செய்தார். புள்ளையை இங்கே கொண்டுவந்து விடு, ஆடு மாடு நடுவில் ஓடி ஆடட்டும், வயசுக்கு வந்ததும் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்கலாம் என்றார். ரத்னாவும் சரி என்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து பூக்கூடை சுமப்பவளுக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று திட்டு வாங்கவும் தெம்பு இருக்குமா?

மாதேசு தனியாகக் கிளினிக்குக்கு வந்தான். யூனிபார்மோடு வந்திருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, என்ற புள்ள ஊருக்குப் போயிட்டா நான் இங்க எதுக்குங்க இருக்கோணும்? அந்த மிஷினுக்காகவா வந்தேன்?" என்றான். "எங்கண்ணன் நல்லவருதானுங்க. ஆனா அவரு ஊட்டுல பொட்டப்புள்ளைக யாரும் ஏழாங் கிளாசு தாண்டலைங்க."

"மாத்திரை தவறாம குடுக்கறீங்கல்ல?" என்று கேட்டேன், வேறு கேட்கத் தெரியாமல்.

"ஒரு நா தவறினதில்லீங்கக்கா. அந்த மாதேசுர சாமி மேல சத்தியமா."

எங்களிடம் அப்போது ஒரு இளம் டாக்டர் இருந்தார். எதற்கும் அளவைக் கூட்டுவதே அவருக்குத் தெரிந்த வைத்தியம். மத்தியானம் மருந்து பத்தவில்லை, கூட்டிவிடலாம் என்றார். நஞ்சப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அது எனக்காக இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பிறகு என்னைப் பார்த்து, "பெஞ்சு" என்றார்.

பெஞ்சு என்றால் எங்கள் கிளினிக்கில் ஒரு தண்டனை. மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால், எங்களில் ஒருவர் குழந்தையின் வகுப்பில் கடைசி பெஞ்சில் காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளுக்காகச் செய்த பெஞ்சு. அதில் புடவையோடு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வாய்பாடும் விலங்குகளின் பெயரும் கேட்பது. நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்று இழுத்தது. இடைவேளைக்குள் என் ஊர், என் வயது, எனக்கு ஏன் நரைத்திருக்கிறது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பவித்ராவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பீரியடில் அசையவில்லை. நல்ல அமைதி இல்லை அது. உதட்டைக் கடித்துக் கடித்துத் தோல் உரிந்திருந்தது. டீச்சர் கேட்டதற்குப் பதில் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பென்சிலை ஒரே இடத்தில் வைத்துத் தாள் கிழியும் வரை சுழற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு குரங்கு வந்து ஒரு டிபன் பாக்ஸையே தூக்கிக்கொண்டு போனது. மொத்த வகுப்பும் எழுந்து நின்றது, டீச்சர் உட்பட. பவித்ரா திரும்பவில்லை. தலைகீழ்ப் பேப்பரைக் கண்டுபிடித்த பெண்ணா இவள்?

மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. முதலில் கால், அப்புறம் தோள், அப்புறம் முழு உடம்பு. கடைசி பீரியடில் அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டால், எங்கேயும் இல்லை, எல்லா இடத்திலும் இருந்தாள். கண்ணில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் கோடாகப் போட்டு நஞ்சப்பாவிடம் கொடுத்தேன். காலையில் செங்குத்தாக ஏறி, மத்தியானத்தில் தொபுக்கென்று விழுந்தது கோடு. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது பொண்ணோட கோடு இல்லைம்மா. மாத்திரையோட கோடு. நாள் பூரா கரைய வேண்டியது ஒரே வீச்சில இறங்கியிருக்கு. எப்படி?" என்றார். "அவங்க கிட்ட மாத்திரை குடுக்கறீங்களான்னு கேட்டியா?"

"கேட்டேன் சார். ஒரு நாளும் தவறலைன்னு..." 'சொன்னாங்க' என்ற வார்த்தையைக் கடைசி நொடியில் விழுங்கினேன்.

"நீ பார்த்தியா?"

மறுநாள் பொழுது விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹெப்பாளில் இரண்டு அறை வாடகை வீடு. ரத்னா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பவித்ரா ஒரு சடையோடு கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். மாதேசுவுக்குத் தலைகால் புரியவில்லை, காபி போட ஓடினான்.

"காபி அப்புறம். முதல்ல மாத்திரை குடுங்க, நான் பாக்கணும்" என்றேன்.

"அதுக்கென்னுங்க" என்று சந்தோஷமாக அலமாரியிலிருந்து எடுத்தான். மாத்திரை அட்டை, தேன் புட்டி, அதோடு உரைகல். பச்சைக் குழந்தைகளுக்கு வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுப்பார்களே, அந்தச் சின்னக் கல். கழுவி, துடைத்து, இரண்டு சொட்டுத் தேன் விட்டு, எங்கள் நஞ்சப்பா அவ்வளவு யோசித்து எழுதிக் கொடுத்த, பொழுது பூராவும் கரைவதற்காக அடுக்கடுக்காகச் செய்யப்பட்ட அந்த மாத்திரையை அதன் மேல் வைத்து வட்டம் வட்டமாக உரைக்க ஆரம்பித்தான். என்ன பொறுமை! ஒரு பொடி கூட மிச்சமில்லாமல் சந்தனம் மாதிரி குழைத்து விரலில் வழித்து, "ஆ காட்டு கண்ணு" என்றான்.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பவித்ராவே குதிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவன் விரலில் தேனோடு நின்றான். நான் விளக்கினேன். மாத்திரைக்கு மேல் இருக்கிற பூச்சு, உள்ளே இருக்கிற அடுக்கு, ஒவ்வொன்றாகக் கரைய வேண்டிய கணக்கு எல்லாம் சொன்னேன். அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"சொட்டு நீர் மாதிரிங்களாக்கா? நாள் முச்சூடும் சொட்டுச் சொட்டா உட வேண்டியதை, நானு தொட்டியோட கவுத்துட்டனுங்களா?"

"ஆமா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவளுக்கு முழுங்க வராதுங்கக்கா. ஓங்கரிப்பா. பள்ளிக்கூடத்துல குடுத்ததையும் மென்னுதான் தின்னுவா. பழைய மாத்திரையும் இப்பிடித்தான் குடுத்தனுங்க. எங்கூட்டுல எல்லாத்துக்கும் இப்பிடித்தான். நல்லா உடம்புல புடிக்கட்டும்னு, ஒரு சிட்டிகை கூட வீணாப் போகாம உரைச்சனுங்க." அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ற புள்ளைய நானேவுங்களா அப்பிடி ஆக்குனேன்?"

பழைய மாத்திரையை உரைத்ததில் ஒரு கெடுதலும் இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போனது. அதைச் சொன்னேன். 'விழுங்கணும்' என்று சொல்லி அனுப்பினோமே தவிர, உரைக்கக் கூடாது என்று எங்களில் ஒருவர் வாயிலும் வரவில்லை. உரைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றினால்தானே? இதையும் சொன்னேன். அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பவித்ரா வந்து அவன் மடியில் உட்கார்ந்து, கல்லில் ஒட்டியிருந்த தேனை நக்கப் பார்த்தாள். கல்லைப் பிடுங்கி நான் கழுவி வைத்தேன்.

அன்றைக்கு மாத்திரையை நிறுத்தி, இருவரையும் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நஞ்சப்பா அவள் நாடியைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், நிம்மதியாக மூச்சுவிட்டார். மாதேசுவைத் திட்டவில்லை. "இவ்வளவு ஒழுங்கா மருந்து குடுக்கிற அப்பாவை நான் பார்த்ததில்லை" என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இப்போது அவளுக்கு விழுங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. பிளாஸ்டிக் மூளையோடு யாரும் கற்றுத்தராத முறை. சீரக மிட்டாய் வாங்கி வந்தேன். அதில் மிகச் சின்னதாக ஒன்றை எடுத்து நாக்கின் நடுவில் வைத்து, ஒரு வாய்த் தண்ணீர், தலையை நேராக வைத்து ஒரே மடக்கு. அண்ணாந்தால் தொண்டை பயந்து மூடிக்கொள்ளும். அது பழகியதும் கொஞ்சம் பெரியது, அப்புறம் அதைவிடப் பெரியது. குழந்தை தனியாகச் செய்யாது, கூட ஒருவர் செய்ய வேண்டும்.

"அப்பாவும் சேர்ந்து செய்யுங்க" என்றேன்.

மாதேசு நெளிந்தான். மிட்டாயை வாயில் வைத்தான். தண்ணீர் குடித்தான். தண்ணீர் மட்டும் உள்ளே போனது. மிட்டாயைக் கடித்துத் தின்றுவிட்டான். இன்னொன்று. அதையும் கடித்தான். மூன்றாவதற்கு ஓங்கரித்து, என் மேஜையெல்லாம் தண்ணீர்.

"நானு இதுவரைக்கும் ஒரு மாத்திரை கூட முழுங்கினதில்லீங்கக்கா" என்றான் கூச்சத்தோடு. "காய்ச்ச மாத்திரையும் உரைச்சுத்தானுங்க நக்குவேன்."

பவித்ரா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கை மேலும் கீழும் காட்டினாள். காணோம். போய்விட்டது. அறை முழுக்கக் கைதட்டினோம். "பேடப்பா, வேண்டாம்ப்பா, மேல பாக்கக் கூடாது" என்று கன்னடமும் தமிழுமாக அவனை அதட்ட ஆரம்பித்தாள். "நேரா பாருங்க. என்னைப் பாருங்க."

அந்த வாரம் முழுக்க அப்பாவும் பெண்ணும் என் அறையில் சீரக மிட்டாய் விழுங்கினார்கள். வெளியே காத்திருந்த பெற்றோர்கள் இது என்ன புது வைத்தியம் என்று பயந்தார்கள். வாரக் கடைசியில் அவள் நிஜ மாத்திரையை முழுசாக விழுங்கினாள். அவன் இன்னும் முதல் சைஸிலேயே கடித்துக்கொண்டிருந்தான்.

பிரின்ஸிபால் அம்மாவிடம் நஞ்சப்பாவே போனார். குழாய், குடம் எல்லாம் சொல்லியும் அந்த அம்மா மசியவில்லை. கடைசியில், "தப்பு மருந்துல. பரீட்சை வரைக்கும் பாருங்க, அப்புறம் உங்க இஷ்டம்" என்று கேட்டுவாங்கி வந்தார். பரீட்சைக்கு முன் நான் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பவித்ரா இரண்டு முறை தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டாள், ஒரு முறை டீச்சர் பேச்சுக்கு நடுவே பேசினாள், குரங்கு வந்ததை எல்லோருக்கும் முன்னால் பார்த்துக் கத்தினாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கோடு நேராக இருந்தது, பெண்ணும் உள்ளே இருந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று இடைவேளையில் கேட்டேன்.

"முன்னாடி பேனும் பேசும், காக்காயும் பேசும், பக்கத்துப் பொண்ணோட பென்சில் பாக்ஸும் பேசும். டீச்சரும் பேசுவாங்க" என்றாள். "இப்ப டீச்சர் கொஞ்சம் சத்தமா பேசறாங்க."

பரீட்சை முடிந்தது. பெரிய மார்க் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாப் பாடத்திலும் பாஸ். டி.சி. பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரியப்பா ஊரிலிருந்து கூட்டிப்போக வந்தாராம். மாதேசு அவர் முன்னால் பெண்ணை நிறுத்தி மாத்திரை விழுங்கச் சொன்னானாம். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை அக்கப்போர்?" என்றாராம் அவர். சாப்பிட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறிவிட்டார். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னது ரத்னாதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு என் வேலைக்காலம் முடியும் வரை எந்தப் பெற்றோரிடமும் "மாத்திரை குடுக்கறீங்களா?" என்று நான் கேட்டதில்லை. மேஜையில் ஒரு மிட்டாயை வைத்து, "எப்படிக் குடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்பேன். என்னவெல்லாம் பார்த்தேன் தெரியுமா? வாழைப்பழத்துக்குள் புதைத்தார்கள், சுடச்சுடப் பாலில் கரைத்தார்கள், ஒருவர் பாதியாக உடைத்து மற்ற பாதியை "கவனமா இருக்கட்டும்" என்று தம்பிக்குக் கொடுத்தார். கூட்டத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் பிஸிபேளேபாத் வந்தது.

கூட்டம் முடிந்து வரும் வழியில், என் ரத்த அழுத்த மாத்திரை வாங்க தேவராஜ மொஹல்லாவில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு முன்னால் ஒரு இளம்பெண், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, பக்கத்தில் நரைத்த மனிதர் ஒருவர் தலைகுனிந்து நிற்க, தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை மாத்திரைப்பா அது! மெதுவா கரையற மாத்திரை! டாக்டர் உரைக்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா? அந்தக் கல்லை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"இல்ல கண்ணு, ஒரே ஒரு நாளுதான்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பினாள். ஒரு நொடிதான். "மேடம்!" என்று கத்திய கத்தலில் கடைக்காரர் சில்லறையைக் கீழே போட்டார். மாதேசு என்னைப் பார்த்ததும் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான்.

"வாங்கக்கா" என்றான். "நல்லா இருக்கீங்களா?"

"நான் இருக்கேன். நீங்க இன்னுமா உரைக்கறீங்க?"

"அவரை விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்று பவித்ரா கைப்பையில் கையை விட்டாள். சாவி, சார்ஜர், பாதி தின்ற சாக்லேட், இன்னொரு சாவி எல்லாம் கல்லாவின் மேல் வந்தன. கடைசியாகச் சீரக மிட்டாய்ப் பொட்டலம். "தினம் சாயங்காலம் ப்ராக்டிஸ். இந்த வாரம் ரெண்டாவது சைஸுக்கு வந்துட்டோம்."

மருந்தை வாங்கிக்கொண்டு, ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள். ஸ்கூட்டர் வரை போய் நின்று தலையைத் தடவிப் பார்த்தாள். மாதேசு அவசரப்படவில்லை. அவள் கல்லாவில் விட்டுப்போன ஹெல்மெட்டை முன்பே எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"என்னைப் பாரு கண்ணு, இங்க இருக்குது" என்றான்.